ஏழு பி-யில் தங்கிவிட்ட வாக்கியம்

மதுரை கோச்சடையில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பு பி பிரிவில், கணக்கு ஆசிரியர் தெய்வநாயகம் ஓர் ஆடிச் செவ்வாயன்று சொன்ன வாக்கியம், சொல்லி முடித்த பிறகும் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. மறுநாள் மூன்றாம் பாடவேளையில், முந்தின நாள் சொல்லப்பட்ட அதே நேரத்துக்கு, அவருடைய குரலிலேயே அது மறுபடியும் கேட்டது. அந்த நேரத்தில் தெய்வநாயகம் எதிர்க் கட்டடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கூம்பின் கன அளவை விளக்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு ஒரு வகுப்பே சாட்சி. வியாழக்கிழமையும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிய அறைக்குள் கேட்டது என்று காவலாளி சின்னக்கருப்பன் சொன்னார். மின்விசிறிக்குச் சற்றுக் கீழே, ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினால் எந்த உயரத்திலிருந்து வருமோ அந்த உயரத்திலிருந்து வந்தது. கைபேசியில் பதிவுசெய்து பார்த்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் மட்டுமே கிடைத்தது. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் கோச்சடையில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு இல்லை.

தெய்வநாயகம் நல்ல வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கணக்கில் தேறாத பிள்ளையைத் தேற்றிவிடுவார், டியூஷன் வைக்க மாட்டார், பிரம்பு எடுக்க மாட்டார். பாடம் நடத்தும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பது அவர் வழக்கம். அந்தச் செவ்வாயன்று பாதிப் பாடத்தில் திரும்பிப் பார்த்தபோது மேசை மேல் கடிகாரம் இல்லை. மேசைக்கு எதிரே முதல் பெஞ்சில் அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் கணக்குக்கு முதலில் கை தூக்குகிறவள் அவள்தான். அவர் அவளை எழுப்பி, பையைத் திறக்கச் சொன்னார். பையில் கடிகாரம் இல்லை. உனக்கு எந்த ஊர் என்று கேட்டார். எழுமலை என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது.

“எழுமலையா, ரேகை வச்ச பரம்பரைல்ல, ரத்தத்துல இருக்கிறது எங்க போகும்?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். காலையில் தூறலுக்குப் பயந்து கழற்றி வைத்த கடிகாரம் மழைக்கோட்டின் மடிப்பில் கிடந்தது. மேசை மேல் அன்றைக்கு அவர் வைக்கவே இல்லை. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி விட்டுக்கொண்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் போய் என்னவென்று சொல்வது, மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். வகுப்பறை மறக்கவில்லை.

ரேகை என்றால் என்னவென்று அஸ்வினிக்குத் தெரியாது. அவளுடைய அப்பா அழகுபாண்டி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். எழுமலையிலிருந்து கோச்சடைக்கு வந்து குடியேறியதே பிள்ளை நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக்கு மேற்கே பல ஊர்களைப் பிறப்பிலேயே திருட்டுக் கூட்டம் என்று சட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். உழுது பிழைத்தவன், ஆடு மேய்த்தவன் என்று பார்க்காமல் அத்தனை ஆண்களின் விரல் ரேகையையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் எழுந்து போக முடியாது. அந்தச் சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அழகுபாண்டியின் தாத்தாவோடு அந்தப் பேச்சும் போய்விட்டதென்று குடும்பத்தில் நம்பியிருந்தார்கள். மகள் கேட்ட அன்று அவர் காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். “அது பழைய கதை பாப்பா, உனக்கு எதுக்கு” என்று மட்டும் சொன்னார். அவளாகவே எங்கிருந்தோ தெரிந்துகொண்டாள். அந்த மாதம் ரேஷன் கடையில் அம்மாவின் விரலை எந்திரம் ஏற்காமல் போக, பிள்ளையின் விரலை வைக்கச் சொன்னார்கள். அஸ்வினி கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் எடுக்கவில்லை. வகுப்பிலும் கை தூக்குவதை நிறுத்தியிருந்தாள்.

பள்ளிக்கூடம் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தது. மின்விசிறியை மாற்றினார்கள். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். மூன்றாம் பாடவேளையில் பக்கத்து அறையில் பாட்டு வகுப்பு வைத்து, ஆர்மோனியத்தைப் பலமாக வாசிக்கச் சொன்னார்கள். ஆர்மோனியம் உச்சத்தில் இருந்தபோதும் வாக்கியம் அதன் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து வந்தது. அஸ்வினி ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துப்ரியா அந்தப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியை சீதாலட்சுமியின் மகள். நேரம் நெருங்கியதும் பென்சிலை வைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அஸ்வினியின் காதுகளைப் பொத்துவாள். தன் காதைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை மிச்சமில்லை. வாக்கியம் ஓய்ந்ததும் எடுத்துவிட்டு மறுபடி எழுதுவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அஸ்வினியின் அம்மா முத்துச்செல்வி கோச்சடையில் மாவு அரைத்து விற்கிறவர். மாவு வாங்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் அவருக்கு நடந்தது தெரியும். அரைபடும் மாவை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே பேசினார். பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் நாகமலை புதுக்கோட்டையில் தெரிந்த பள்ளி ஒன்று இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் இன்றைக்கே தருகிறோம், அங்கே நல்லபடியாகச் சேர்த்தும் விடுகிறோம் என்றார். முத்துச்செல்வி தண்ணீரைத் தொடவில்லை. “எம்பிள்ள எதுக்கு சார் போகணும்? சொன்னவரு அதே கிளாசுல வந்து, நாந்தான் சொன்னேன், அந்தப் பிள்ள எடுக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அம்புட்டுத்தான்” என்றார். கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதைக் கொடுப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைமையாசிரியர், பள்ளியின் செயலர், ஆசிரியர் தரப்பில் சீதாலட்சுமி என மூன்று பேர். மற்ற அறைகளில் காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் குழு ஏழு பி-யிலேயே கூடியது. பிள்ளைகளைக் கேட்கலாமா என்று சீதாலட்சுமி மெதுவாகக் கேட்டார். சின்னப் பிள்ளைகள், சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் என்றார் செயலர். மூன்றாம் பாடவேளையில் தெய்வநாயகம் வந்து, அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். அவர் அதைச் சொல்லி வாயை மூடியதும் அவருடைய குரல் மேலிருந்து வாக்கியத்தை முழுதாகச் சொன்னது. நான்கு பேருக்கும் அது கேட்டது. தலைமையாசிரியர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். புகாருக்கு ஆதாரம் இல்லை, அப்படி ஒரு சொல் குழுவின் காதில் விழவில்லை என்று முடிவு செய்து மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சீதாலட்சுமியும் போட்டார். அவர் மஹால் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர், வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை. ஆசிரியர் அறையில் அவரைப் பார்த்து, “டீச்சர், உங்க பாஷையில நாலு வார்த்த பேசுங்களேன், சிரிச்சு ரொம்ப நாளாச்சு” என்பார்கள். அவரும் பேசிக் காட்டிவிட்டுச் சிரிப்பார். பல வருடமாகச் சிரித்துச் சிரித்து, கேட்டதைக் கேட்காததுபோல இருப்பது அவருக்குக் கை வந்திருந்தது.

மறுநாள் வாக்கியம் நான்கு அறைகளில் கேட்டது. ஏழு பி-யில் வழக்கம்போலக் கேட்டது. தலைமையாசிரியர் அறையில், செயலரின் அறையில், சீதாலட்சுமி பாடம் எடுக்கும் ஒன்பது ஏ-யில் புதிதாகக் கேட்டது. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். யார் காதில் விழவில்லை என்று சொல்கிறார்களோ அவர்கள் அறைக்கு அது போய்விடுகிறது. இயற்பியல் ஆசிரியர் பெற்றோர் ஒருவரிடம் அதெல்லாம் வதந்தி என்றார், ஆய்வுக்கூடத்தில் குடுவைகளுக்கு நடுவே கேட்கத் தொடங்கியது. நூலகரும் அதையே சொன்னார், நூலகத்துக்குப் போனது. உடற்கல்வி ஆசிரியருக்குச் சொந்தமாக அறை கிடையாது என்பதால் மைதானத்தில் வேப்பமரத்தடியில் கேட்டது. ஐப்பசி முடிவதற்குள் மூன்றாம் பாடவேளையில் அந்தப் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே குரலில் எழுமலைப் பிள்ளை ஒருத்தியைத் திருட்டுப் பரம்பரை என்றது. அப்போதும் காலையில் வாசலில் வருகைப் பதிவு எந்திரத்தில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கட்டைவிரல் ரேகையை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தினமும் வைத்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

ஒரு சாயங்காலம் சீதாலட்சுமி வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது இந்துப்ரியா வந்து எதிரே நின்றாள். வீட்டுப் பாஷையில்தான் அவர்கள் பேசுவார்கள். அவள் அன்றைக்குத் தமிழில் பேசினாள். “அம்மா, எனக்குக் கை வலிக்குது.” எழுதி எழுதியா என்று கேட்டார் அம்மா. இல்லை, அஸ்வினியின் காதைப் பொத்திப் பொத்தி என்றாள். சீதாலட்சுமி மகளின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். தைலம் தேய்க்கப் போனார். தைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் படிக்கப் போய்விட்டாள். அன்று சீதாலட்சுமி மிச்ச விடைத்தாளைத் திருத்தவில்லை.

கார்த்திகையில் செயலருக்கு ஒரு யோசனை தோன்றியது. மதுரைக்கு மேற்கே ஒரு வழக்கம் உண்டு. வழக்கு தீராவிட்டால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சத்தியம் செய்தவன் சொல்லை அதன் பிறகு யாரும் மறுப்பதில்லை. அப்படிச் சொல்லவில்லை என்று அந்த ஆட்களுக்குச் சூடம் அடித்துவிட்டால் போதும், பேசாமல் போய்விடுவார்கள் என்று செயலர் சொன்னார். இந்த வார்த்தையிலும் பழைய வாக்கியத்தின் வாடை அடிப்பது அவருக்குத் தெரியவில்லை. தெய்வநாயகம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர் வீட்டில் சூடம் சாமிக்குக் காட்டுவதற்கு மட்டும்தான். அதை அணைப்பதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஏழு பி-யில் கூடினார்கள். முத்துச்செல்வியும் அழகுபாண்டியும் வந்தார்கள், அஸ்வினியும் வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இந்துப்ரியா உட்கார்ந்தாள். ஆசிரியர்கள் சுவரோரமாக நின்றார்கள். மேசை மேல் எவர்சில்வர் தட்டில் சூடத்தை ஏற்றினார்கள். தெய்வநாயகம் சட்டைக் கையை மேலே மடித்தபோது மணிக்கட்டில் கடிகாரம் தெரிந்தது. அஸ்வினி அதைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அவர் கையை ஓங்கியபோது முத்துச்செல்வி ஓடிப்போய்த் தன் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துவிட்டார். மாவுக்கல்லில் பழகிய கை என்றாலும் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். “பொய்ச் சத்தியம் பண்ணிராதீக சார்” என்றார். “அது சொன்னவுகளப் பிடிக்காது, அவுக பெத்ததுகளப் பிடிக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாக. உங்களுக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்குல்ல. அது எங்கிட்டாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும். எங்க வழக்கு அந்தப் பிள்ளையோட இல்ல.”

அந்த நேரத்துக்குத்தான் மூன்றாம் பாடவேளையின் வாக்கியம் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் கட்டடமே காலியாக இருக்க, எல்லா அறைகளிலிருந்தும், மைதானத்திலிருந்தும், மாடியிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டது. இந்துப்ரியாவின் கைகள் பழக்கத்தில் தோழியின் காதுக்குப் போயின. சீதாலட்சுமி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரை விட்டு முன்னால் வந்தார். “எனக்குக் கேக்குது. அன்னைக்கும் கேட்டுச்சு. கேக்கலைன்னு கையெழுத்துப் போட்டேன்” என்றார். முத்துச்செல்வியின் வெந்த கையைத் தன் கையில் வாங்கி, குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் பிடித்தார். அவர் இப்படிச் சொன்னதும் ஒன்பது ஏ-யில் குரல் நின்றுவிட்டதாக வெளியே நின்றிருந்த சின்னக்கருப்பன் வந்து சொன்னார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். திங்கட்கிழமை நூலகர் நூலகத்தில் நின்று, எனக்கும் கேட்டது என்றார், நூலகம் அமைதியானது. உடற்கல்வி ஆசிரியர் வேப்பமரத்தடியில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். இயற்பியல் ஆசிரியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார், குடுவைகள் ஒவ்வொன்றாக விரிசல் விடத் தொடங்கியதும் சொன்னார். சீதாலட்சுமி தன் கையெழுத்து பொய் என்று கல்வித் துறைக்கு எழுதிக் கொடுத்தார். புதிதாக விசாரணை வந்தது, இந்த முறை முதலில் பிள்ளைகளைக் கேட்டார்கள். ஏழு பி முழுவதும் எழுந்து நின்று வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னது. தெய்வநாயகம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டு வெறும் ஆசிரியரானார். தன் பழைய அறை வாசலில் நின்று அவரும் தனக்குக் கேட்டதை ஒப்புக்கொண்டார். சீதாலட்சுமிக்கும் மெமோ வந்தது, சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. மேல்முறையீடு செய்யலாமே என்றார்கள். வாங்க வேண்டியதுதான், வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆசிரியர் அறையில் யாரோ பழைய ஞாபகத்தில் உங்க பாஷையில பேசுங்க டீச்சர் என்றபோது, இனி அது வேடிக்கைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பாடத் திட்டத்தை எழுதினார். செயலர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைப் பதவியிலிருந்து அனுப்பியபோது அவருடைய அறைக் குரல் அவரோடு போய்விட்டது என்றும், இப்போது அவர் வீட்டு வரவேற்பறையில் தினமும் கேட்கிறது என்றும் அந்தத் தெருக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் வீட்டில் தொலைக்காட்சி எப்போதும் சத்தமாக ஓடுவது உண்மைதான்.

ஏழு பி-யில் மட்டும் நிற்கவில்லை. யார் என்ன ஒப்புக்கொண்டாலும், அந்த அறைக்குச் சொன்னவர்தான் வர வேண்டியிருந்தது. தெய்வநாயகம் மாசி மாதம் வந்தார். இளைத்திருந்தார். அவருடைய மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலிலேயே நின்றாள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வர வேண்டும் என்று உத்தரவும் இல்லை. மூன்றாம் பாடவேளைக்குச் சற்று முன்னால், பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியையிடம் அனுமதி கேட்டு உள்ளே போனார். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து வணக்கம் சொன்னார்கள். அஸ்வினியும் எழுந்தாள், வணக்கம் சொல்லவில்லை. நேரமானதும் மேலிருந்து அவருடைய குரல் பேசியது. தன் வாக்கியத்தை அவர் தலைநிமிர்ந்து முழுவதும் கேட்டார். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது முடிந்ததும் அவர் சொன்னார்.

“சொன்னது நான்தான். அந்தப் பிள்ளை எடுக்கலை. கடிகாரம் என் வண்டியிலதான் இருந்துச்சு.”

பிறகு, “அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்” என்றார். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வாயெடுத்தவர், அஸ்வினியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருக்கலாம். கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். விசாரணையின் முடிவில் அவரைத் திரும்பவும் வகுப்புக்கு அனுமதிக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் எல்லாரும் காத்திருந்தார்கள். குரல் ஓய்ந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். முத்துச்செல்விகூட மாவுக்கடையைப் பூட்டிவிட்டு வந்து ஜன்னலோரம் நின்றார். ஆனால் நேரத்துக்கு வாக்கியம் வந்தது, அதே உயரத்தில், ஓர் எழுத்தும் குறையாமல். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. பிறகு, ஒரு மூச்சு விடுகிற இடைவெளிக்குப் பின்னால், அதே குரல் சொன்னது: சொன்னது நான்தான், அந்தப் பிள்ளை எடுக்கலை. முத்துச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார். அந்த மாதம் ரேஷன் கடையில் எந்திரம் மறுபடி தகராறு செய்தபோது அஸ்வினி தானாக முன்னால் போய்க் கட்டைவிரலை வைத்தாள். உடனே ஏற்றுக்கொண்டது.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. கணக்குக்கு முதலில் தூக்குகிற கை மறுபடியும் அவளுடையதுதான். ஏழு பி-யில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அஸ்வினி யாரென்றே தெரியாது. இரண்டு வாக்கியங்களும் தினமும் கேட்கின்றன. மழை நாளிலும், தேர்வு நாளிலும், சித்திரைத் திருவிழா விடுமுறையிலும் கேட்கின்றன. பள்ளிக்கூடம் அதை அட்டவணையில் சேர்த்துவிட்டது. மூன்றாம் பாடவேளையில் அந்த நேரம் வந்ததும் ஆசிரியை சாக்பீஸை வைக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் காதுகளைப் பொத்துகிறார்கள். யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதல் வாக்கியம் முடிகிறது. கைகளை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது வாக்கியத்தை எல்லாரும் கேட்கிறார்கள். பிறகு ஆசிரியை சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்கிறார்.